கட்டுரையில் வந்த மனிதர்

குருபரப்பள்ளி
12.4.2025

அன்புள்ள குருமூர்த்தி அண்ணா அவர்களுக்கு,

வெங்கடம்மாள் எழுதுவது. நலம் என்று தொடங்குவது வழக்கம், எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இப்போது போனில் காது சரியாகக் கேட்பதில்லை என்று ராஜாத்தி அண்ணி சொன்னார். எனக்கும் இதை வாயால் பேச வராது. இருபத்துநான்கு வருஷம் ஒரே பள்ளியில் நீங்கள் அறிவியல் வாத்தியார், நான் சத்துணவு அமைப்பாளர். பதிவேடு எழுதிப் பழகிய கை, அதனால் எழுத வருகிறது.

என் வீட்டுக்காரர் போய் எட்டு மாதம் ஆகிறது. கருமாதிக்கு நீங்களும் அண்ணியும் வந்தீர்கள். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மகன் ராஜசேகரின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தீர்கள். எங்கள் மேல் அவ்வளவு பாசம் என்று பிறகு அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஓர் உதவி வேண்டும் அண்ணா. இரண்டு வருஷத்துக்கு முன் நம் ஓய்வூதியர் சங்க இதழில் 'சேனைக்கிழங்கின் மருத்துவப் பயன்கள்: இன்றைய ஆராய்ச்சிப் போக்குகள்' என்று எழுதினீர்கள். இதழ் என் பெயருக்குத்தான் வரும், படிப்பவர் என் வீட்டுக்காரர். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். இப்போது என் முன்னால் இருக்கிறது. அதில் உள்ளபடியே எழுதுகிறேன்:

"எடுத்துக்காட்டாக, கிருஷ்ணகிரிக்கு அருகில் ஐம்பத்தெட்டு வயதுள்ள ஒருவர். சர்க்கரை அளவு 280. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி சேனைப்பொடியை மோரில் கலந்து குடித்தார். நான்கே வாரத்தில் 150க்கு இறங்கிவிட்டது."

என் வீட்டுக்காரருக்கும் அப்போது ஐம்பத்தெட்டு. "என்னையே பாத்து எழுதுன மாதிரி இருக்குது வெங்கடம்மா" என்றார். மறுநாளே சேனையைச் சீவி, வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்து வந்தார். ஒன்றரை வருஷம், ஒரு நாள் தவறாமல், நான்தான் மோரில் கலக்கிக் கொடுத்தேன். தொண்டை அரிக்கிறது என்பார். மருந்தென்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டு குடிப்பார். பிறகு கால் வீங்கியது, கிட்னி போய்விட்டது என்றார்கள். "கிழங்கு, நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்பிட்டாரா?" என்று டாக்டர் கேட்டார். என் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடி கண்ணால் ஜாடை காட்டினார். நான் இல்லை என்றேன்.

என் கையால் கொடுத்ததுதான் அவரைக் கொண்டுபோனதா என்று எனக்குத் தெரியவேண்டும். அந்த மனிதரும் அதே கிழங்கைத்தான் சாப்பிட்டார். அவர் எப்படி அரைத்தார், எவ்வளவு போட்டார், இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டால் எனக்கு விளங்கிவிடும். அவருடைய பெயரும் விலாசமும் எழுதுங்கள். பக்கத்து ஊராகத்தான் இருக்கும். ராஜசேகருக்கு ஞாயிறு கம்பெனி லீவு, வண்டியில் கூட்டிப்போவான்.

அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புத் தங்கை
வெங்கடம்மாள்


கெலமங்கலம்
20.4.2025

அன்புத் தங்கை வெங்கடம்மாளுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. நாராயணப்பனை நினைக்காத நாள் இல்லை. அந்தப் பள்ளிக்கு நான் முதன்முதலாக வந்தபோது குடியிருக்க வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான். எனக்கு மாற்றல் வந்தபோது என்னைவிட அதிகமாகக் கலங்கியவரும் அவர்தான்.

சேனைக்கிழங்கைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆராய்ச்சி என்பது கிணறு வெட்டுவதைப் போன்றது. நூறு இடத்தில் தோண்டிப் பார்ப்பார்கள், ஓரிடத்தில் ஈரம் தெரியும். ஈரம் தெரிந்ததெல்லாம் தண்ணீர் ஆகாது. முதலில் இந்தக் கிழங்கு மூலநோய்க்கு நல்லது என்ற பழைய நம்பிக்கையைத்தான் சோதித்தார்கள். பிறகு கல்லீரலைக் காக்குமா, வீக்கத்தைத் தணிக்குமா என்று பார்த்தார்கள். அண்மைக் காலத்தில் சர்க்கரையைக் குறைக்குமா என்று பல கல்லூரிகளில் பார்க்கிறார்கள். இவை எல்லாம் தொடக்க நிலையில் இருப்பவை. நல்ல குறிகள் தெரிகின்றன என்பதற்குமேல் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

நாராயணப்பனுக்குச் சர்க்கரை பத்து வருஷமாக இருந்தது. அது உள்ளே என்னென்ன செய்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. நீ உன்னை வருத்திக்கொள்ளாதே. ஒரு மனைவி செய்யவேண்டியதற்கு மேலேயே செய்தாய்.

கெலமங்கலத்தில் வெயில் கடுமையாக இருக்கிறது. ராஜாத்திக்கு முழங்கால் வலி. ராஜசேகரைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
குருமூர்த்தி


குருபரப்பள்ளி
11.5.2025

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வகுப்பில் நீங்கள் பாடம் நடத்தும்போது சமையல்கூடத்து ஜன்னலில் நின்று கேட்பேன், அதே மாதிரி இருந்தது. ஆனால் விலாசம் எழுத மறந்துவிட்டீர்கள்.

இங்கே ஒன்று நடந்தது. போன வாரம் ஒரு மழை பெய்தது. மறுநாள் வீடு முழுக்க நாற்றம், செத்த நாற்றம். எலி எங்கேயோ செத்துக் கிடக்கிறது என்று ராஜசேகர் பரணெல்லாம் இறக்கிப் பார்த்தான், அரிசி மூட்டையைப் புரட்டினான். மருமகள் சுவாதி மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். கடைசியில் பார்த்தால் கொல்லையில், தொட்டிக்குப் பக்கத்தில், என் வீட்டுக்காரர் நட்டுவிட்டுப் போன சேனை. இலையே இல்லை. வெறும் மண்ணிலிருந்து ஒரு பூ, கருஞ்சிவப்பாக, ஒரு கூடை அகலத்துக்கு. மேலே ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கிழங்கு பூக்கும் என்றே எனக்குத் தெரியாது அண்ணா.

"அப்பா வந்துட்டுப் போறாரு" என்றான் ராஜசேகர். விளையாட்டாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவனே உள்ளே போய்விட்டான்.

எனக்கு அவர் வந்ததாகத் தோன்றவில்லை. வேறொருவர்தான் வருகிறார். காலை ஆறு மணி, மோர் கலக்கும் நேரம். இப்போது கலக்க எதுவும் இல்லை, ஆனாலும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அப்போது வாசலில் ஒருவர் நிற்கிற மாதிரி இருக்கிறது. வெள்ளைச் சட்டை, ஐம்பத்தெட்டு வயசு. உங்கள் கட்டுரையில் வந்தவர். என் வீட்டுக்காரர் அவரோடு அப்படிப் பழகிவிட்டார். "நம்ம கிழங்குக்காரரு இந்நேரம் டம்ளரைக் கழுவி வெச்சிருப்பாரு, நீ இன்னும் கலக்கிட்டே இருக்க" என்பார். ஊசிக்குப் படுத்திருந்தபோதும், "அவருக்கு நாலு வாரம், எனக்குக் கொஞ்சம் லேட்டாவுது, அவ்வளவுதான்" என்றார். உடம்புக்கு முடியாத கடைசி நாளில்கூட ஒரு வாய் குடித்தார்.

அவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்கவேண்டும். பெயர் மட்டுமாவது எழுதுங்கள். நான் விசாரித்துக்கொள்கிறேன்.

தங்கை
வெங்கடம்மாள்


கெலமங்கலம்
19.5.2025

அன்புத் தங்கைக்கு,

சேனை பூப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. சில வருஷம் தோண்டாமல் விட்ட கிழங்கு, கோடை மழைக்கு இலை விடுவதற்கு முன்னால் இப்படிப் பூக்கும். மல்லிகை தேனீயைக் கூப்பிட நல்ல மணம் வீசுகிறது. இது ஈயையும் வண்டையும் கூப்பிடவேண்டும், அதனால் அவற்றுக்குப் பிடித்த வாடையை வீசுகிறது. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். சுவாதியிடமும் இதைச் சொல்.

நீ கேட்ட மனிதரைப் பற்றி. அவர் இப்போது இந்தப் பக்கம் இல்லை. மகனோடு மைசூர்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. விலாசம் என்னிடம் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறார். அவரைத் தேடி நீ அலையவேண்டாம். மனசைத் திடமாக வைத்துக்கொள்.

குருமூர்த்தி


குருபரப்பள்ளி
8.6.2025

அன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

அவர் நன்றாக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த ஒரு வரியே போதும். கேட்டது கிடைத்துவிட்டது.

அதே கிழங்கு, அதே மோர், அதே வயசு. அவர் மைசூரில் மகனோடு இருக்கிறார், என் வீட்டுக்காரர் இல்லை. நடுவில் மாறியது கை ஒன்றுதான். எந்தக் கரண்டி என்று நீங்கள் எழுதவில்லை. நான் சத்துணவுக்கூடத்தில் பருப்பு அளந்த கரண்டியைப் போட்டேன். அவர் வீட்டில் டீக்கரண்டியாக இருந்திருக்கும். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கிராம் பிசகாமல் அளந்து போட்டவள் நான், அதிகாரி வந்து மெச்சிவிட்டுப் போன கை. வீட்டில் இருந்த ஒரே ஆளுக்கு அளவு தெரியவில்லை. டாக்டர் கேட்டபோதும் பொய் சொன்னேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள்.

இரண்டு வாரத்துக்கும் மேலாக நான் அடுப்புப் பக்கம் போவதில்லை. பேரக்குழந்தைக்கு என் கையால் எதுவும் ஊட்டுவதில்லை. சுவாதி பாவம், வேலைக்கும் போய்க்கொண்டு இரண்டு நேரமும் அவளே சமைக்கிறாள். "அத்தை, என் மேல ஏதாச்சும் கோவமா?" என்று கேட்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வேன்? ராஜசேகரிடம் சொல்லவேண்டும். அப்பாவைக் கொன்றது நான்தான் என்று திதிக்கு முன்னால் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். அவன் என்ன செய்தாலும் சரி.

விலாசம் தேட வேண்டாம். அவரைக் கேட்க இனி ஒன்றும் இல்லை. உங்களுக்கு இவ்வளவு சிரமம் கொடுத்ததற்கு மன்னியுங்கள்.

வெங்கடம்மாள்


கெலமங்கலம்
13.6.2025

வெங்கடம்மா,

ராஜசேகரிடம் எதுவும் சொல்லாதே. முதலில் இதைப் படி. படித்துவிட்டு அவனிடமே கொடு.

அப்படி ஒரு மனிதர் இல்லை.

கிருஷ்ணகிரியில் இல்லை, மைசூரில் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. நான் படித்த ஆராய்ச்சி எலிகளில் செய்தது. சர்க்கரை வரவழைத்த எலிகள். அவற்றுக்குச் சேனைச் சாறு கொடுத்து நான்கு வாரம் பார்த்தார்கள். 280ம் 150ம் எலிகளின் ரத்தத்தில் இருந்த அளவுகள்.

என் முதல் படியில் எலி என்றுதான் எழுதினேன். சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியபோது சிரித்தார்கள். "எலி தின்னதையா எங்களுக்குச் சொல்ற, வாத்தியாரே?" என்று ஒருவர் கேட்டார். முப்பத்தைந்து வருஷம் எடுத்துக்காட்டுச் சொல்லியே பிழைத்தவன் நான். ரத்த ஓட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய், வேருக்கு உறிஞ்சுகுழல். கண்ணுக்குத் தெரிந்தால்தான் மனதில் நிற்கும் என்று பிள்ளைகளுக்குச் செய்ததையே பெரியவர்களுக்கும் செய்தேன். எலியை எடுத்துவிட்டு 'ஒருவர்' என்று போட்டேன். ஒரு வயது கொடுத்தேன், ஓர் ஊர் கொடுத்தேன். மோரும் கரண்டியும் நானே சேர்த்தவை. எலிகள் மோர் குடிக்கவில்லை.

ஐம்பத்தெட்டு என்று ஏன் எழுதினேன் என்று இந்தப் பத்து மாதமாக யோசிக்கிறேன். எழுதும்போது கண்முன் ஒரு முகம் வந்தது. நாராயணப்பனுடைய முகம்தான்.

இன்னும் இருக்கிறது. கடைசியில் ஓர் எச்சரிக்கை எழுதியிருந்தேன். சேனையில் அரிக்கும் உப்பு ஒன்று உண்டு. புளி விட்டு வேகவைத்து நீரை வடித்தால் பெரும்பகுதி போய்விடும். பச்சையாகக் காயவைத்து அரைத்தால் அப்படியே தங்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் தொடக்கூடாது. நீண்டநாள் சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது. இதழில் எனக்குக் கொடுத்தது இரண்டு பக்கம். அந்த மனிதருக்கு இடம் போதவில்லை என்று இந்த வரிகளை நானே அடித்து நீக்கினேன்.

உன் வீட்டில் நாராயணப்பன் பொடி குடித்துவந்தார் என்பது எனக்குக் கருமாதி அன்றுதான் தெரியும். உன் அடுப்படி அலமாரியில் 'சேனைப்பொடி' என்று எழுதிய டப்பாவைப் பார்த்தேன். அதனால்தான் அன்றைக்குப் பேச வாய் வரவில்லை. ராஜசேகர் அதைப் பாசம் என்று நினைத்ததை நீ எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகும் உனக்கு மைசூர் என்று எழுதினேன்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து ராஜாத்தியிடம் சொன்னேன். "இல்லாத ஆளுக்கு மைசூர்ல வீடு கட்டிக் குடுத்துட்டீங்க. கருமாதியும் நீங்களே பண்ணிடுவீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது குறைந்துவிட்டது.

உன் கடிதம் வந்ததும் நேற்று ஓசூரில் ஒரு சிறுநீரக டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். சர்க்கரை எவ்வளவு கெடுத்தது, கிழங்கு எவ்வளவு கெடுத்தது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ஏற்கெனவே பழுதான உறுப்புக்கு இந்தப் பொடி தினமும் ஓர் அடி என்று சொல்லலாம் என்றார். கரண்டி சின்னதா பெரியதா என்று கேட்டேன். டீக்கரண்டியாக இருந்தாலும் கொடுத்திருக்கக்கூடாது என்றார். ஆகவே உன் கை அல்ல. உன் அளவும் அல்ல. நீ அச்சில் இருந்ததைச் செய்தாய். அதை அச்சில் போட்டவன் நான்.

அந்த மனிதர் நன்றாக இருக்கிறார் என்று உனக்கு எழுதினேன். உண்மை இதுதான்: இருபத்தெட்டாம் நாள் எல்லா எலிகளையும் கொன்று, அறுத்து, உள்ளே பார்த்தார்கள். நன்றாக இருக்க ஒருவரும் மிஞ்சவில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

குருமூர்த்தி


குருபரப்பள்ளி
2.7.2025

ஆசிரியர் குருமூர்த்தி அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்தேன். நான்கு முறை படித்தேன். பிறகு ராஜசேகரிடம் கொடுத்தேன். அவன் சொன்னதை எழுதமாட்டேன். அப்போதே கெலமங்கலத்துக்குக் கிளம்பினான், வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நேற்றிலிருந்து நான் சமைக்கிறேன். பேரக்குழந்தைக்கு ஊட்டினேன். உங்கள் கடிதத்தால் அது நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் கேட்ட மன்னிப்பைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

இப்போது வேறு ஒரு காரியம். என் வீட்டுக்காரர் உங்கள் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சர்க்கரை உள்ளவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து ஐந்து பேர். இந்த இரண்டு வாரமாக ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். நான்கு பேர் கேட்டுக்கொண்டார்கள். முனிலட்சுமி என் கண்முன்னாலேயே டப்பாவைக் குப்பையில் கொட்டினாள்.

மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாதுரை கேட்கவில்லை. காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகக் குடிக்கிறார். கால் வீங்கியிருக்கிறது, நான் பார்த்தேன். நாள் முழுக்க நிற்கிறேன் அக்கா, அதனால்தான் என்கிறார். டாக்டரிடம் போகச் சொன்னால் சிரிக்கிறார். எங்களுக்குள் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணனுக்கு ஒத்துக்கல, அதுக்கு என்னா பண்றது? ஒவ்வொரு ஒடம்பும் ஒவ்வொரு மாதிரி. அந்தக் கிருஷ்ணகிரி ஆளுக்கு ஒத்துக்கிச்சில்ல?" என்றார்.

"அப்படி ஆளே இல்லீங்க தம்பி. அது எலி" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் போனதில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"இல்லாத ஆளைப் பத்தி வாத்தியாரு எழுதுவாராக்கா?" என்று அண்ணாதுரை கேட்டார். "என் கூடப்பொறந்த அண்ணனுக்குப் பாடம் நடத்துனவரு அவரு."

உங்கள் கடிதத்தைக் காட்டியிருக்கலாம். அதில் என் வீட்டுக்காரரைப் பற்றி இருக்கிறது, அதை டீக்கடையில் படிக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதழில் திருத்தம் போடுவீர்கள் என்று தெரியும். அண்ணாதுரை இதழ் படிப்பவர் இல்லை. அதுவரை அவர் கால் பொறுக்காது.

நீங்கள் வரவேண்டும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது. ஓசூர் பஸ்ஸில் வந்தால் குருபரப்பள்ளி நிறுத்தத்துக்கு எதிரிலேயே கடை. காது கேட்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள்தான் பேசவேண்டும். எலியை எலி என்று சொல்லுங்கள். எடுத்துக்காட்டு எதுவும் சொல்ல வேண்டாம்.

கடையிலிருந்து எங்கள் வீடு அரை கிலோமீட்டர்தான். அங்கே வரவேண்டாம்.

நா. வெங்கடம்மாள்